அணை பாதி நிரம்பினால் தண்ணீரும் பாதியா? செய்தித்தாளை வகுப்புக்குக் கொண்டுபோவது பற்றி

பெருந்துறைப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் முதலாண்டு பி.காம். வகுப்பெடுக்கும் இளம் விரிவுரையாளர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "என் வகுப்பில் 64 பேர். வாரம் ஒரு மணி நேரம் நடப்புச் செய்தியை வைத்து ஆராய்ந்து யோசிக்கும் பழக்கத்தைக் கொண்டுவர நினைத்தேன். முதல் வாரம் டெல்லி அரசியல் பற்றிய தலைப்புச் செய்தியை எடுத்துப் போனேன். பத்து நிமிடத்தில் நாலு பேர் கட்சி கட்டிச் சண்டை போட்டார்கள், மீதிப் பேர் போனைப் பார்த்தார்கள். எந்தச் செய்தியை எடுப்பது? எப்படி நடத்துவது? மதிப்பெண் எப்படிப் போடுவது? அரசியல் வந்தால் என்ன செய்வது?"

தம்பி, நான் திருப்பூரிலும் கோபியிலுமாகப் பொருளியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இப்போதும் கூப்பிடுகிற கல்லூரிகளுக்கு வாரம் ஒரு வகுப்பு போய்வருகிறேன். இந்த வேலையில் எனக்குப் பெரிய நம்பிக்கை உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் செய்தியைத் தேர்ந்தெடுப்பது. நீங்கள் கொண்டுபோன செய்தி முக்கியமானதாகவே இருக்கலாம். ஆனால் அந்த 64 பேரில் ஒருவராலும் அதைச் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க வழியில்லாத செய்தியை வைத்துக்கொண்டு ஒரு பதினெட்டு வயசுப் பிள்ளை என்ன செய்யும்? வீட்டில் கேட்ட கட்சிப் பேச்சைத் திருப்பிச் சொல்லும், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ளும். உங்கள் வகுப்பில் இரண்டும் நடந்திருக்கிறது.

அதனால் வீட்டில் போய்க் கேட்டோ, காகிதத்தில் கணக்குப் போட்டோ, நேரில் பார்த்தோ தெரிந்துகொள்ளக்கூடிய செய்தியை எடுங்கள். நம் பக்கத்து வகுப்புகளில் இதற்குப் பஞ்சமே கிடையாது. ஒருவர் அப்பா சோமனூரில் தறி ஓட்டுகிறார். ஒருவர் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். இன்னொருவர் வீட்டில் கோழிப்பண்ணை, மற்றொருவர் சித்தப்பா சங்ககிரியில் லாரி வைத்திருக்கிறார், ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மாமா எடை போடுகிறார். செய்தியில் வருகிற ஆட்களே உங்கள் மாணவர்களின் வீட்டில் இருக்கிறார்கள்.

நான் எப்போதும் முதல் வகுப்புக்கு எடுத்துப்போவது அணை நீர்மட்டச் செய்தி. உள்ளூர்ப் பக்கத்தின் ஒரு மூலையில் தினமும் வரும், யாரும் சண்டை போடமாட்டார்கள். கரும்பலகையில் இப்படி எழுதுவேன்: "மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி). இன்று நீர்மட்டம் 60 அடி. எவ்வளவு தண்ணீர் இருக்கும்?" வகுப்பே ஒரே குரலில் "பாதி" என்று சொல்லும். 46, 47 என்று கணக்கும் போட்டுவிடுவார்கள். அப்புறம் அணை 60 அடியில் இருந்த ஒரு நாளின் செய்தித்தாளைப் பிரித்துக் காட்டுவேன். அதில் நீர் இருப்பு 25 டி.எம்.சி. அளவில்தான் இருக்கும். வகுப்பு அமைதியாகிவிடும். பத்திரிகையில் அச்சுப் பிழை என்று ஒருவர் சொல்வார். சரி என்று 100 அடி இருந்த நாளின் செய்தியையும் எடுத்து வைப்பேன். அன்றைக்கு இருப்பு ஏறக்குறைய 65 டி.எம்.சி.

இப்போது அவர்களே கழித்துப் பார்க்கட்டும். 100 அடியிலிருந்து 120 வரை உள்ள மேல் 20 அடியில் 28 டி.எம்.சி.க்கு மேல் பிடிக்கிறது. கீழே இருக்கும் 60 அடி முழுவதற்கும் சேர்த்து 25. எப்படி? நான் பதில் சொல்லமாட்டேன். ஒரு தடவை, கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் நிலம் இருக்கிற வீட்டுப் பெண் ஒருத்தி, மூன்றாவது பெஞ்சில் இருந்து எழுந்தாள். "ஏனுங்க மேடம், அணை தொட்டி மாதிரி நேரா இருக்காதுங்களே, வடச்சட்டி மாதிரி அகலிச்சுட்டே போகுமுங்களே" என்றாள். அவ்வளவுதான். அடி என்பது உயரம், டி.எம்.சி. என்பது கொள்ளளவு, இரண்டும் ஒன்றல்ல என்பது அன்றைக்கு அந்த வகுப்பில் யாருக்கும் மறக்காது. "எங்க அப்பா அடியப் பாக்க மாட்டாருங்க, டி.எம்.சி.யைத்தான் பாப்பாரு" என்று அவளே சொல்லி உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் பவானிசாகர். அதன் நீர்மட்ட உயரம் 105 அடி என்று ஒரு செய்தி சொல்லும், 120 என்று வேறோர் இடத்தில் பார்ப்பார்கள். எது பொய்? இரண்டும் பொய்யில்லை. மொத்தம் 120, அதில் சேறு சகதிக்கு 15 அடி கழித்து 105 என்று கணக்கிடுகிறார்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு எண் வந்தால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்டாமல், எதை எங்கிருந்து அளந்தார்கள் என்று கேட்கும் பழக்கம் இந்த இரண்டு வகுப்பிலேயே வந்துவிடும். அரசியல் செய்திக்குள் போவதற்கு முன்னால் இந்தப் பழக்கம் கையில் இருக்கவேண்டும்.

கணக்கு போடுவதற்கு இன்னொரு நல்ல செய்தி அத்திக்கடவு–அவிநாசித் திட்டம். அறுபது வருடத்துக்கு மேலாகக் கேட்டு வந்த திட்டம் என்பதால் எல்லா வீட்டிலும் பேச்சு இருக்கும். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆற்றின் உபரி நீரை, விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் எடுத்து, ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. நீரை 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குக் கொடுப்பது என்று செய்தியில் வரும். இந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. 250-ஆல் பெருக்கினால் 2 கோடியே 16 லட்சம் கன அடி. 70 நாளுக்கு 151 கோடியே 20 லட்சம். 100 கோடி கன அடி ஒரு டி.எம்.சி. ஆக, 1.512. சரியாக வருகிறது! எண் ஒத்துப்போகும்போது பிள்ளைகள் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். செய்தியைச் சோதிப்பது என்றாலே தப்புக் கண்டுபிடிப்பது என்று நினைத்திருப்பார்கள். சோதித்துப் பார்த்து நம்புவதும் அதே வேலைதான் என்பது இங்கேதான் புரியும்.

அதோடு விடக்கூடாது. 1,045-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். சராசரியாக ஒரு குளத்துக்கு 14 லட்சத்து 47 ஆயிரம் கன அடி, அதாவது நாலு கோடி லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் 3,400 நடை. "எங்க ஊர்க் குளத்துக்கு அது பத்துமா?" என்று யாராவது கேட்பார்கள். அந்த 1,045-இல் பொதுப்பணித் துறை ஏரி 32, ஊராட்சி ஒன்றிய ஏரி 42, மீதி 971 சின்னக் குட்டைகள். சராசரி என்ற ஒற்றை எண் எதை மறைக்கிறது என்பது அங்கே வெளிப்படும். "உபரி நீர்" என்ற சொல்லையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆற்றில் உபரி இல்லாத வருடம் என்ன ஆகும்? அந்த ஒரு சொல்லை வைத்து அரை மணி நேரம் பேசலாம்.

இதே திட்டத்தை வைத்து அரசியலுக்குள்ளும் மெதுவாகப் போகலாம். 2019-இல் ஓர் ஆட்சியில் அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17-இல் இன்னோர் ஆட்சியில் தொடக்க விழா. இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் திட்டம் என்கிறார்கள். தொடக்க விழாவுக்கு மறுநாள் வந்த இரண்டு வேறு பத்திரிகைச் செய்திகளை நகலெடுத்துக் கொடுத்து, "வினைச்சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள்" என்று சொல்வேன். கொண்டுவந்தார், நிறைவேற்றினார், தொடங்கினார், முடித்தார், தாமதித்தார், திறந்துவைத்தார். ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் தேதி எழுதச் சொல்வேன். தேதி எழுத முடிகிற வினையும் எழுத முடியாத வினையும் தனித்தனியே பிரியும். கட்சி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்கூட பென்சிலும் கையுமாகத் தலையைக் குனிந்துவிடுவார்கள். வாயால் விவாதிக்க விட்டால் சூடாகிற விஷயம், கையால் செய்ய வைத்தால் அடங்கிவிடுகிறது. 64 பேர் வகுப்பில் இது ரொம்ப முக்கியம்.

இனி சொல்லப்போவதுதான் நான் இத்தனை வருடத்தில் கண்டதிலேயே அதிகம் பலன் தந்த பயிற்சி. நம் மொழியிலேயே இருக்கிற ஒரு கருவி அது. நேரில் பார்த்ததைச் சொல்லும்போது "வந்தார்" என்கிறோம். கேள்விப்பட்டதைச் சொல்லும்போது "வந்தாராம்" என்கிறோம். நம் ஊர்ப் பேச்சில் இன்னும் அழுத்தமாக "வந்துட்டாங்களாமா", "வெல ஏறிருச்சாமா" என்று வரும். அந்த "ஆம்" சின்ன ஒட்டுதான். ஆனால் "இதை நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்" என்ற பொறுப்பான அறிவிப்பு அதற்குள் இருக்கிறது. படிக்காத நம் பாட்டிகள்கூட ஒரு நாளும் இதைத் தப்பாகப் பயன்படுத்தியதில்லை.

வாட்ஸ்அப்பில் வருகிற செய்தியில் முதலில் காணாமல் போவது இந்த ஒட்டுதான். "குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருக்கிறது, உடனே பகிரவும்" என்று வரும். "இறங்கியிருக்கிறதாம்" என்று எவரும் எழுதுவதில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. அந்தக் கும்பல்தான் இது என்று ஊர் சேர்ந்து அடித்ததில் ஒரு வயதான அம்மா இறந்துபோனார். இதை வகுப்பில் சொல்லும்போது என் குரல் கம்மும். அந்த ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கேள்விப்பட்டதைப் பார்த்ததுபோல எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடம் ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனமே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

பயிற்சி இதுதான். ஒரு செய்தியைக் கொடுங்கள். நிருபர் தானே பார்த்திருக்கக்கூடிய வாக்கியத்தை அப்படியே விடட்டும். பிறர் சொல்லிக் கேட்டு எழுதியிருக்கும் வாக்கியத்தில் எல்லாம் "ஆம்" சேர்த்துத் திருப்பி எழுதட்டும். அப்புறம் அந்த ஒவ்வொரு "ஆம்"முக்கும் நேராக, சொன்னவர் யார் என்று எழுதட்டும். "கூறப்படுகிறது" என்று இருந்தால் யாரால் கூறப்படுகிறது? "தெரியவந்துள்ளது" என்றால் யாருக்கு? "வட்டாரங்கள் தெரிவித்தன" என்றால் எந்த வட்டாரம்? "பரபரப்பு ஏற்பட்டது" என்பதை ஒருவர் எப்படிப் பார்த்திருக்க முடியும்? எத்தனை பேர் கூடினார்கள், என்ன செய்தார்கள் என்று இருந்தால் அது பார்த்தது. "பொதுமக்கள் கோரிக்கை" என்றால் எத்தனை பொதுமக்கள்? ஒருவேளை ஒரே ஒருவர் மனு கொடுத்திருக்கலாம். மனு கொடுத்தது உண்மைதான், ஆனால் தலைப்பில் அது ஊராக ஆகிவிடுகிறது. இந்தப் பயிற்சியை முடித்துவிட்டு ஒரு மாணவர், "மேடம், பத்து வரியில பாத்தது ரெண்டே வரிதாங்க" என்று காட்டினார். அந்த இரண்டு வரி எவ்வளவு மதிப்பானது என்பதையும் அதே மூச்சில் சொல்லிக்கொடுங்கள்.

இதை ஆங்கிலத்தில் நடத்த வேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஆங்கில வழி வகுப்பாகவே இருக்கட்டும், இந்த ஒரு மணி நேரம் தமிழில் இருக்கட்டும். கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழி படித்து வந்த பிள்ளை ஆங்கிலத்தில் வாக்கியத்தை அடுக்கிக்கொண்டிருக்கும்போது யோசிப்பதற்கு இடம் எங்கே இருக்கும்? பேசாமல் உட்கார்ந்திருக்கும் அறுபது பேரில் பாதிப் பேரின் மௌனத்துக்கு இதுதான் காரணம் என்பேன்.

மூன்றாவது, நாலாவது வாரத்தில் 2023 மார்ச் மாதம் திருப்பூரில் நடந்ததை எடுங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு அந்த வீடியோக்கள் தவறானவை என்று அறிவித்தார். பரவியவற்றில் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களின் இரண்டு குழுக்களுக்குள் முன்பு நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று காவல்துறை விளக்கியது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூர் வரை வந்து தொழிலாளர்களிடம் பேசிப்போனது. வதந்தி பரப்பியவர்கள்மேல் வழக்குகள் பதிவாயின.

இந்தக் கதையில் வகுப்புக்கு ரொம்பப் பயன்படுவது ஒரு படம். அந்த வாரம் ரயில் நிலையத்தில் பையும் மூட்டையுமாகக் கூட்டம் நின்றது. படம் உண்மையானது, இடமும் தேதியும் சரி. "உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்" என்று அதன் கீழே எழுதினார்கள். அந்த வருடம் ஹோலி மார்ச் 8. வருடா வருடம் அதற்கு முந்தைய வாரம் வடமாநிலத்தவர் ஊருக்குப் போவது நம் பக்கத்து ரயில் நிலையங்களில் வழக்கம். பயந்து போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம், பண்டிகைக்குப் போனவர்களும் இருந்திருக்கலாம். படத்தைப் பார்த்து அதைப் பிரிக்க முடியாது. பிரிக்கவேண்டுமென்றால் என்ன தெரியவேண்டும்? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முந்தைய வருடம் ஹோலி வாரத்தில் எவ்வளவு கூட்டம்? போனவர்கள் திரும்பி வர டிக்கெட் எடுத்திருந்தார்களா? கம்பெனியில் முன்னமே லீவு சொல்லியிருந்தார்களா? பிள்ளைகளே ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவார்கள்.

நான் இதை நடத்தியபோது, அப்பா பவர் டேபிள் என்கிற சின்னத் தையல் கூடம் வைத்திருக்கும் ஒரு பையன் எழுந்தான். அவர்களிடம் தைத்துக்கொண்டிருந்த ஆறு பேரில் நாலு பேர் ஜனவரியிலேயே ஹோலிக்கு லீவு சொன்னவர்கள். மீதி இரண்டு பேர் வீட்டிலிருந்து அழுதுகொண்டே போன் வந்ததால் கிளம்பினார்கள். "அப்ப ரெண்டுமே நெசந்தானுங்க மேடம்" என்றான். அவன் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். வதந்தி பொய், அது கிளப்பிய பயம் உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க அன்றைக்கு அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

போனில் வருகிற படத்தையும் தளத்தையும் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 45 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 10 பேர், உண்மை சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர். முன்பின் தெரியாத இணையதளங்களைக் கொடுத்து நம்பலாமா என்று பார்க்கச் சொன்னார்கள். வரலாற்றறிஞர்களும் மாணவர்களும் அந்தத் தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்துக்கொண்டிருந்தார்கள், சின்னத்தையும் முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சீக்கிரமே அதை விட்டு வெளியே போய், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க எனக்குக் கண்ணபுரம் மாட்டுச் சந்தை போதும். மாடு வாங்கப் போகிறவர் விற்கிறவரிடமே கறவையைக் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார். எந்த ஊர், யார் தோட்டம் என்று தெரிந்துகொண்டு, அந்த ஊர்க்காரர் ஒருவரைத் தேடிப் போய் விசாரிப்பார். சம்பந்தம் பேசும்போதும் இதைத்தான் செய்கிறோம். போனில் ஒரு செய்தி வந்தாலும் அதே விசாரிப்புதான்: செய்தியை விட்டு வெளியே வா, வேறு யார் சொல்கிறார்கள் என்று பார், படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டு எப்போது முதலில் வந்தது என்று பார். செயற்கை நுண்ணறிவு வைத்துச் செய்த படங்கள் வர ஆரம்பித்த பிறகு, படத்தில் விரல் ஆறா ஐந்தா என்று எண்ணிக்கொண்டிருப்பதை விட வெளியே போய் விசாரிப்பதே நம்பகமான வழி. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்துக்கு 2019 முதல் சரிபார்ப்புப் பிரிவு இருக்கிறது, தமிழ்நாடு அரசும் 2023-இல் தகவல் சரிபார்ப்பகம் தொடங்கியது. இரண்டையும் பயன்படுத்துங்கள், ஆனால் இரண்டும் அரசுகளுடையவை. அவர்கள் சொல்வதற்கும் "எப்படித் தெரியும்" என்ற கேள்வி உண்டு.

அமெரிக்க வரிச் செய்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், நம் வட்டாரத்துக்கு அது சோற்றுப் பிரச்சினை. 2025 ஆகஸ்ட் 7-இல் இந்தியச் சரக்குக்கு 25 சதவீதம் கூடுதல் வரி வந்தது, 27-ஆம் தேதி மேலும் 25 சேர்ந்தது. அப்போது ஆகமொத்தம் 50. ஆனால் பின்னலாடைக்கு 64 சதவீதம் என்றும் செய்திகள் வந்தன. பவானிசாகர் வகுப்பைக் கவனித்த பிள்ளைகள் உடனே கேட்பார்கள்: எதிலிருந்து அளந்தது? ஏற்கெனவே இருந்த 14 சதவீத அளவு சுங்க வரியின் மேல் இந்த 50 ஏறியதால் 64. அடுத்த கேள்வி, இந்த வரியை யார் கட்டுகிறார்கள்? நான் கேட்ட வகுப்பில் பெரும்பாலோர் திருப்பூர் முதலாளி கட்டுகிறார் என்றார்கள். சுங்கத்தில் கட்டுவது அமெரிக்காவில் இறக்குமதி செய்கிறவர். அப்படியானால் திருப்பூருக்கு ஏன் வலிக்கிறது? அவர் விலையைக் குறைக்கச் சொல்வார், ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றுவார். அங்கிருந்து ஒரு செக்கிங் பெண்ணின் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆவது வரை, ஒவ்வொரு படியாக எழுதவைத்தேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண், "எங்க அம்மா கம்பெனியில ஓவர்டைமே கொறையலைங்க" என்றாள். இதற்காகவே காத்திருக்கவேண்டும். வீட்டில் கேட்டு வந்தது நல்ல சான்று, ஆனால் அது ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்புகிறதா, ஐரோப்பாவுக்கா, உள்நாட்டுக்கா? அடுத்த வாரம் விசாரித்து வந்தாள். உள்நாட்டு வியாபாரம். வீட்டுச் சான்றை மதிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதன் எல்லையைச் சொல்லாமல் விட்டால் பாதி வேலைதான் செய்ததாகும். "ஏற்றுமதி இதுவரை இல்லாத உச்சம்" என்ற தலைப்பையும் ஒருநாள் எடுங்கள். டாலர் 80 ரூபாயாக இருக்கும்போது 100 டாலர் சரக்கு 8,000 ரூபாய். டாலர் 88 ஆனால் அதே சரக்கு 8,800. ஒரு சட்டைகூட அதிகம் தைக்காமல் ரூபாயில் 10 சதவீதம் வளர்ந்துவிட்டது. பி.காம். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கணக்குப் பாடம் வேண்டுமா?

முட்டை விலையும் இப்படித்தான். நாமக்கல் மண்டலத்துக்கு தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிப்பது பண்ணை விலை, கடை விலை வேறு. ஆளுக்கொரு தெருக் கடையில் விலை கேட்டு வரச் சொல்லி, 64 விலையையும் பலகையில் எழுதினாலே ஒரு மணி நேரம் போதாது.

இனி ஒரு மணி நேரத்தை எப்படி ஓட்டுவது என்பது. செய்தியைக் கொடுத்ததும் பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது, எழுதவேண்டும். என்ன சொல்கிறார்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும், எது தெரிந்தால் நான் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். மூன்றே கேள்வி. பிறகு பக்கத்தில் இருப்பவரோடு மட்டும் பத்து நிமிடம் பேச்சு. அதன் பிறகுதான் வகுப்புக்கு முன்னால். எழுதி, ஒருவரிடம் சொல்லிப் பார்த்த பிறகு, கடைசி பெஞ்சிலிருந்தும் குரல் வரும். முதலிலேயே "யார் சொல்றீங்க?" என்று கேட்டால் எப்போதும் பேசுகிற நாலு பேர்தான் பேசுவார்கள்.

மதிப்பெண்ணுக்கு ஒரு 40 பக்க நோட்டு. வாரம் ஒரு செய்தி, ஒரு பக்கம். எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதற்கு மதிப்பெண்ணே கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். உங்கள் கருத்துக்கு நேர்மாறாக எழுதிய ஒருவருக்கு முழு மதிப்பெண் போட்டு, அதை வகுப்பில் படித்துக் காட்டுங்கள். அப்போதுதான் நம்புவார்கள். "முதலில் இப்படி நினைத்தேன், இதைப் பார்த்தேன், இப்போது மாற்றிக்கொண்டேன்" என்று எழுதுகிறவருக்கு நான் எப்போதும் அதிக மதிப்பெண் போடுவேன். நம் வீடுகளில் கருத்தை மாற்றிக்கொள்வது தோற்பதாக எண்ணப்படுகிறது. கல்லூரியில் ஓர் இடத்திலாவது அதற்கு மரியாதை கிடைக்கவேண்டும்.

அரசியலுக்கு நான் பயப்படவில்லை. தேர்தல் நேரத்தில் உங்கள் ஓட்டு யாருக்கு என்று மாணவர்கள் கேட்டால், சொல்லமாட்டேன், சொன்னால் நீங்கள் எழுதுவது மாறிவிடும் என்று காரணத்தோடு சொல்லுங்கள். ஏற்றுக்கொள்வார்கள். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. பல வருடங்களுக்கு முன்னால், காதலித்துச் சாதி மாறிக் கல்யாணம் செய்த ஒருவரைக் கொன்ற செய்தியை, சூடாக இருக்கும்போதே வகுப்புக்கு எடுத்துப் போனேன். நல்ல விவாதம் நடந்ததாக நினைத்து வெளியே வந்தேன். அடுத்த ஒரு வாரம் ஒரு பெண் கல்லூரிக்கு வரவில்லை. அவள் அக்கா அப்படிக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டாரால் ஒதுக்கப்பட்டவள் என்பது பிறகுதான் தெரிந்தது. மற்றவர்கள் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவள்மேல் விழுந்திருக்கிறது. அந்தத் தவறு என்னுடையது. அந்த விஷயத்தைப் பேசவே கூடாது என்று சொல்லமாட்டேன், நம் பக்கத்தில் பேசித்தான் ஆகவேண்டும். ஆனால் வகுப்பு ஒருவரை ஒருவர் நம்ப ஆரம்பித்த பிறகு, தீர்ப்பு வந்து ஆவணங்கள் இருக்கிற பழைய வழக்காக எடுத்து, முந்தைய வாரமே என்ன பேசப்போகிறோம் என்று சொல்லி, வர வேண்டாம் என்று நினைப்பவருக்கு வேறு செய்தி கொடுத்து நடத்துங்கள்.

கடைசியாக ஒன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஐந்தாறு வாரம் இப்படி நடத்தியதும் ஒருவர் எழுந்து, "எல்லாப் பத்திரிகையும் பொய்தாங்க மேடம், எதையும் நம்பக் கூடாதுங்க" என்பார். இதைக் கேட்டு, பையன் நன்றாக யோசிக்கிறான் என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் நம்புகிறவனும் எதையும் நம்பாதவனும் ஒரே சோம்பலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டு பேரும் விசாரிக்கப் போவதில்லை. நான் அவனிடம் மஞ்சள் விலைப் பகுதியைக் காட்டிக் கேட்டேன்: இதை உங்கள் அப்பா நம்புகிறாரா? "அதப் பாத்துத்தாங்க மூட்டையே மண்டிக்குக் கொண்டு போவாரு." ஏன் நம்புகிறார்? "மண்டியில போயி நின்னா அதே வெலதாங்க இருக்கும்." அப்படியானால் இந்தப் பத்திரிகை சொல்வதில் எதை எவ்வளவு நம்பலாம் என்று பத்துக்கு இத்தனை என்று எழுதி வா என்றேன். விலைப் பகுதிக்கு 9, இரங்கல் அறிவிப்புக்கு 10, விபத்துச் செய்தியில் இடத்துக்கு 9, காரணத்துக்கு 5, "வட்டாரங்கள்" சொன்னதற்கு 3 என்று எழுதி வந்தான். உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் "திருத்தம்" என்று ஒரு பெட்டி வந்திருந்தது. அதைக் கத்தரித்து ஒட்டி, "தப்பை ஒத்துக்கிட்டதால மொத்தமா ஒரு மார்க் கூட" என்று பக்கத்தில் எழுதியிருந்தான். அவன் போனில் வந்த ஃபார்வர்டு எதிலும் அப்படி ஒரு பெட்டியை அவன் பார்த்ததே இல்லையாம்.

இந்த வாரம் டெல்லிச் செய்தி வேண்டாம், தம்பி. மேட்டூர் 60 அடியில் இருந்த நாளின் செய்தித்தாளை நூலகத்தில் தேடி எடுங்கள். 120, 93.47, 60 என்ற மூன்று எண்ணையும் பலகையில் எழுதிவிட்டு, நீங்கள் போய்ச் சன்னலோரம் நின்றுகொள்ளுங்கள்.